நாய் சிறுநீரால் புல்தரை கருகினால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

புல்தரையில் தட்டளவு வட்டம் காய்ந்து கிடந்தால் பழி நேராக நாயின் மேல் விழும். வடசென்னையில் அந்தப் பழியைப் பங்கு போட இன்னொரு ஆள் உண்டு: மோட்டார் போட்டதும் குழாயில் வரும் உப்புத் தண்ணீர். நல்ல தண்ணீர் பாயும் தரையில் நாய் ஒருமுறை போனால் புல் கொஞ்சம் வாடிவிட்டுத் தேறிக்கொள்ளும். ஏற்கெனவே உப்பேறிய தரையில் அதே அளவு சிறுநீர் புல்லை வேரோடு முடித்துவிடும். அதனால் இங்கே நாயைக் கவனிக்கும் முன் தண்ணீரைக் கவனிக்க வேண்டியிருக்கிறது.

கருகுவது ஏன்

நாய் சாப்பிடும் இறைச்சி, முட்டை, பால் ஆகியவற்றின் புரதம் செரித்த பின் கழிவாக வெளியேறுவது யூரியா. மண்ணில் விழுந்ததும் நுண்ணுயிர்கள் அதை அம்மோனியாவாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். நைட்ரேட் புல்லுக்கு உரம்தான், சந்தேகமில்லை. ஆனால் புல்தரைக்குச் சதுர மீட்டருக்கு மாதம் 5 கிராம் தழைச்சத்து (நைட்ரஜன்) போதும். நாய் குந்தி எழுந்த இடத்தில், ஒரு சாண் அகலத்துக்குள், அதைப்போலப் பல மடங்கு ஒரே நேரத்தில் இறங்குகிறது. கூடவே சோடியம், பொட்டாசியம், குளோரைடு உப்புகள். உப்பு அதிகமானால் மண்ணில் ஈரம் இருந்தும் வேரால் அதை உறிஞ்ச முடியாது. கைதவறி ஒரு பிடி யூரியா கொட்டிய இடம் எப்படிக் கருகுமோ, அதே கருகல்தான் இது.

சிறுநீரில் இருக்கும் அமிலம் புல்லைச் சுடுகிறது என்று பலர் நம்பிச் சுண்ணாம்பு தூவுகிறார்கள், சமையல் சோடா கரைத்து ஊற்றுகிறார்கள். நாயின் சிறுநீர் பெரும்பாலும் நடுநிலையை ஒட்டியே இருக்கும். சுண்ணாம்பால் ஆகப்போவது ஒன்றுமில்லை. சமையல் சோடா அதைவிட மோசம், அதுவே ஒரு சோடியம் உப்பு. எரிகிற இடத்தில் இன்னும் உப்பைச் சேர்க்கிறீர்கள்.

பெட்டை நாயின் சிறுநீருக்கு வீரியம் அதிகம் என்பதும் சரியல்ல. பெட்டை ஓரிடத்தில் குந்தி மொத்தத்தையும் அங்கேயே விடுகிறது. வளர்ந்த கடுவன் காலைத் தூக்கிப் பத்து இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிக்கிறது. காலைத் தூக்கப் பழகாத கடுவன் குட்டியும் பெட்டையைப் போலவேதான் வட்டம் போடும்.

முதல் வேலை: தண்ணீரை அளப்பது

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்க, சில நூறு ரூபாய்க்குப் பேனா அளவில் டி.டி.எஸ். மீட்டர் கிடைக்கிறது. வீட்டில் வரும் ஒவ்வொரு தண்ணீரையும் தனித்தனி டம்ளரில் பிடித்து அளந்து எழுதி வையுங்கள்: போர் (ஆழ்துளைக் கிணறு), மெட்ரோ தண்ணீர், லாரித் தண்ணீர், ஆர்.ஓ. கழிவுக் குழாய், ஏ.சி. சொட்டு நீர். குடிநீருக்கான இந்தியத் தர அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை அனுமதி. புல்தரைக்கு இப்படி வைத்துக்கொள்ளலாம்:

1000-க்குக் கீழே: எதற்கும் பயன்படுத்தலாம்.
1000 முதல் 2000 வரை: பாய்ச்சலாம், ஆனால் வாரம் ஒருமுறை தாராளமாக விட்டு உப்பைக் கீழே இறக்க வேண்டும்.
2000-க்கு மேல்: நாய் போன இடத்தைக் கழுவ இந்தத் தண்ணீர் உதவாது.

தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் கடலோர மணல். போர் தண்ணீர் கோடையில் உப்பேறிப் போவது அங்கே வழக்கம். மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் நிலத்தடிக்குள் புகுந்ததும் பல பத்தாண்டுப் பழைய கதை. ஆகவே ஜனவரியில் ஒருமுறை அளந்தால் போதாது. மே மாதத்தில் இன்னொரு முறை அளந்து பாருங்கள்.

இரண்டு விஷயங்களில் பலர் தலைகீழாக நடக்கிறார்கள். ஆர்.ஓ. கழிவு நீரை வீணாக்க மனமில்லாமல் தோட்டத்துக்குத் திருப்பிவிடுகிறார்கள். வடிகட்டியில் பிரிந்த உப்பு முழுக்க அதில்தான் இருக்கிறது. அது தரை துடைக்க, கழிவறைக்கு ஊற்றத்தான் சரி. ஏ.சி.யில் சொட்டும் நீரையோ சாக்கடைக்கு விட்டுவிடுகிறார்கள். காற்றின் ஈரம் குளிர்ந்து சொட்டுவதால் அதில் உப்பு ஏறக்குறைய இல்லை. சென்னையின் புழுக்கத்தில் ஒரு ராத்திரியில் ஒரு வாளி சேர்ந்துவிடும். அந்த வாளியை அப்படியே புல்தரை ஓரத்தில் வையுங்கள், கீழே வேலை இருக்கிறது.

நாய்தானா என்று உறுதி செய்ய

காய்ந்த புல்லை ஒரு பிடி பிடித்து இழுங்கள்.

வேர் மண்ணை விடாமல் பிடித்துக்கொண்டு, இலை மட்டும் வைக்கோலாக ஒடிந்தால் சிறுநீர், உரம் அல்லது உப்பு. பாய் சுருட்டினாற்போல் புல் மொத்தமாகப் பெயர்ந்து வந்தால் அடியில் வேரைத் தின்னும் வெள்ளைப் புழு இருக்கிறது. இரண்டு அங்குலம் தோண்டினால் சுருண்டு கிடக்கும். காலைப் பனியில் சிலந்திவலை போன்ற நூல் படர்ந்து, இலையில் பழுப்பு விளிம்புள்ள புள்ளிகள் இருந்தால் பூஞ்சை. புல்லின் அடியில் மண்பூச்சு ஓடினால் கரையான்.

இன்னொரு குற்றவாளியை யாரும் சந்தேகப்படுவதில்லை. வாசல், கார் நிறுத்தும் இடம் கழுவும்போது பினாயிலும் பிளீச்சிங் பவுடரும் கலந்த தண்ணீர் வழிந்து புல்லில் இறங்கும். கருகல் வட்டமாக இல்லாமல், சிமென்ட் தரையின் சரிவுப் பக்கம் நாக்கு நீட்டியதுபோல் இருந்தால் துடைப்பத்தைத்தான் விசாரிக்க வேண்டும்.

அறிகுறி 1: நடுவில் வைக்கோல், சுற்றிலும் கரும்பச்சை வளையம்

சந்தேகமே வேண்டாம், நாய்தான். நடுவில் அளவு மீறியதால் செத்தது; ஓரத்தில் நீர்த்துப்போய் உரமாகிவிட்டது. பெரும்பாலும் நாய் போன இரண்டு மூன்று நாளில் மஞ்சளாகத் தெரியத் தொடங்கும். அப்போது ஊற்றும் தண்ணீர் பக்கத்துப் புல்லைக் காப்பாற்றும், நடுப் புல்லைக் காப்பாற்றாது.

உடனடித் தீர்வு தண்ணீர். நாய் எழுந்து நகர்ந்ததும் அந்த இடத்தில் 2 முதல் 3 லிட்டர் வரை பூவாளியால் ஊற்றுங்கள். நடுத்தர நாய் ஒரு முறைக்கு 100 முதல் 200 மில்லி போகும். அதைப் பத்து மடங்குக்கு மேல் நீர்க்கச் செய்வதுதான் கணக்கு. வேகமாகக் கொட்டினால் சிறுநீர் கீழே இறங்காமல் பக்கவாட்டில் பரவி வட்டம் பெரிதாகும். நடுவிலிருந்து தொடங்கி மெதுவாக, அந்த வட்டத்தைத் தாண்டி நான்கு விரல் அகலம் வரை நனையட்டும். மறந்துபோனால் அன்றைக்கே, எட்டு மணி நேரத்துக்குள் ஊற்றினாலும் ஓரளவு பலன் உண்டு. மறுநாள் ஊற்றினால் கருகலைத் தடுக்காது, அடுத்து முளைப்பதற்குத்தான் உதவும்.

ஏற்கெனவே செத்த திட்டைச் சரிசெய்வது இப்படி:

காய்ந்த புல்லையும் அடியில் மெத்தையாகச் சேர்ந்த பழைய சருகையும் களைக்கொத்தியால் சுரண்டி எடுங்கள். மண் தெரிய வேண்டும். அடுத்து உப்பைக் கீழே இறக்க வேண்டும். ஓரடிக்கு ஓரடி இடத்துக்கு ஒரு பெரிய வாளி, அதாவது 15 லிட்டர். மூன்று பங்காக, அரை மணி இடைவெளி விட்டு ஊற்றுங்கள். அந்த அளவு தண்ணீர் அரை அடி உயரத்துக்குச் சமம். மேல் ஓரடி மண்ணில் இருக்கும் உப்பில் ஏறக்குறைய பாதியை அது கீழே தள்ளிவிடும். இதற்கு ஏ.சி. நீரோ மழைநீரோ மெட்ரோ தண்ணீரோதான் வேண்டும். 3000 காட்டும் போர் தண்ணீரை ஊற்றினால் ஒரு உப்பை இறக்கி இன்னொரு உப்பை ஏற்றுகிறீர்கள்.

பிறகு என்ன புல் என்று பாருங்கள். அருகம்புல் வகையாக இருந்தால் எதையும் நடாதீர்கள். அது எளிதில் கருகும், ஆனால் ஓரத்துத் தண்டுகள் படர்ந்து வந்து, வெயிலும் ஈரமும் இருந்தால் மூன்று நான்கு வாரத்தில் ஒரு சாண் திட்டை மூடிவிடும். கொரியன் புல் பார்க்க மெத்தென்று அழகாக இருக்கும், வளர்ச்சி ஆமை நடை. அதற்குக் காத்திருந்தால் களைதான் முதலில் வரும், நட்டுவிடுவதே நல்லது. அகல இலையுள்ள பஃபலோ கிராஸ் நிழலில் நன்றாக இருக்கும், உப்பைத் தாங்குமா என்பது வகையைப் பொறுத்தது. நர்சரிகளில் அந்தப் பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட புல் விற்கிறார்கள் என்பதால் வாங்கும் முன் உங்கள் தண்ணீரை ஊற்றி வளர்ந்த பாத்தியைக் காட்டச் சொல்லுங்கள்.

ஒரே இடத்தில் பல மாதம் நாய் போயிருந்தால் மண்ணையே மாற்ற வேண்டும். ஓரடிக்கு ஓரடி, நான்கு அங்குல ஆழம் வெட்டி எடுங்கள். சுமார் 9 லிட்டர் மண் வரும், ஒரு பாண்டுக்குள் அடங்கும். உள்ளே போட வேண்டியது செம்மண் 2 பங்கு, கழுவிய மணல் 1 பங்கு, நன்றாக மக்கிய மாட்டு எரு 1 பங்கு. மக்காத எரு போட்டால் அதுவும் சூடு கிளப்பி வேரைக் கருக்கும். கையில் எடுத்தால் சாண வாடை வரக்கூடாது. எம்-சாண்ட் போடுவதானால் மாவுத்தூள் போகும்வரை அலசுங்கள், இல்லையென்றால் மண் இறுகிக் கட்டியாகும். காசிமேடு, எண்ணூர்க் கரையிலிருந்து அள்ளிவந்த கடற்கரை மணலை எக்காரணம் கொண்டும் போடக்கூடாது.

நிரப்பிய மண் சுற்றுத் தரையைவிட அரை அங்குலம் உயரமாக இருக்கட்டும், நனைந்தால் அமர்ந்துவிடும். புல்தரையின் மறைவான ஓரத்திலிருந்து இரண்டு அங்குல அளவு வேர்க்கட்டிகளாக வெட்டி, மூன்று விரல் இடைவெளியில் நட்டு, காலால் மிதித்து அழுத்துங்கள். வேருக்கும் மண்ணுக்கும் நடுவே காற்று நின்றால் அந்தக் கட்டி நான்கே நாளில் காயும். முதல் பத்து நாள் காலை, மாலை இருவேளையும் பூவாளித் தண்ணீர். உரம் போடவே வேண்டாம், மண்ணில் தழைச்சத்து மிச்சம் இருக்கிறது. நாய் வராமல் மூடிவைக்க நான்கு செங்கல், ஒரு பழைய கொசுவலைத் துண்டு போதும். அருகுக்கு மூன்று வாரம், கொரியனுக்கு ஆறு வாரம் நாய் அந்த இடத்தை மிதிக்கக்கூடாது.

காலம் பார்த்துச் செய்தால் பாதி வேலை குறையும். ஜூலை முதல் செப்டம்பர் வரை மாலை மழை அவ்வப்போது எட்டிப் பார்க்கும், புல்லும் வேகமாகப் படரும். பொங்கல் முடிந்து மார்ச் வரையும் பரவாயில்லை. கத்திரி வெயிலில் நட்டால் நாளுக்கு மூன்று தடவை தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும்.

அறிகுறி 2: கருகல் இல்லை, ஆங்காங்கே கரும்பச்சைக் குடுமிகள்

நாய் போன இடம் மட்டும் செழிப்பாக, மற்ற இடம் வெளிறிக் கிடக்கிறது என்றால் புல்தரை பட்டினி கிடக்கிறது. சிக்கல் நாயிடம் இல்லை. சதுர மீட்டருக்கு 10 கிராம் யூரியாவை 5 லிட்டர் தண்ணீரில் கரைத்துச் சீராகத் தெளித்து, உடனே வெறும் தண்ணீரால் இலையைக் கழுவிவிடுங்கள். மாலையில் செய்யுங்கள். பத்து நாளில் நிறம் ஒன்றாகிவிடும்.

அதற்காகக் கொழுக்க உரம் போட வேண்டாம். தரை முழுக்கத் தழைச்சத்து நிறைந்திருந்தால், நாய் போடும் அடுத்த பங்கு நேராகக் கருகலில் முடியும். நாய் வழக்கமாகப் போகும் மூலைக்கு உரத்தில் பாதி அளவு, அல்லது அதுவும் வேண்டாம்.

அறிகுறி 3: வட்டமே இல்லை; எங்கும் நுனி கருகல், மண்ணில் வெள்ளைப் பூச்சு

இலை நுனியிலிருந்து கீழ்நோக்கிக் காய்கிறது, மண் காய்ந்ததும் வெள்ளையாகப் பூத்திருக்கிறது, தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் நிலைமை மோசம். இது பாசனத் தண்ணீரின் உப்பு. நாயைக் கட்டிப்போட்டாலும் மாறாது.

மண் எப்படிப்பட்டது என்பதைப் பொறுத்து வைத்தியம் மாறும். தண்டையார்பேட்டைப் பக்கத்து மணலில் தண்ணீர் சட்டென்று இறங்கும், உப்பும் கூடவே இறங்கும். நல்ல தண்ணீரை மேலே சொன்ன கணக்கில் இரண்டு தவணை விட்டாலே புல் தலைதூக்கும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பதுதான் அங்கே செய்யும் தப்பு. மேல் ஒரு அங்குலம் மட்டும் நனைந்து, வெயிலில் ஆவியாகி, உப்பு மேலேயே நின்றுவிடும். இரண்டு நாளுக்கு ஒருமுறை ஆழமாக விடுங்கள்.

பெரம்பூர்ப் பக்கம் களிமண். அங்கே பதினைந்து லிட்டரை ஊற்றினால் குட்டையாக நிற்கும். முதலில் கடப்பாரையாலோ தோட்ட முள்கரண்டியாலோ நான்கு அங்குல ஆழத்துக்கு, நான்கு விரல் இடைவெளியில் துளை போட்டு, துளைக்குள் கழுவிய மணலைத் தள்ளுங்கள். மண் ஈரமாக, ஆனால் கையில் ஒட்டாத பதத்தில் இருக்கும்போது செய்ய வேண்டும். சேறாக இருக்கும்போது குத்தினால் துளையின் சுவர் மெழுகியதுபோல் அடைத்துக்கொள்ளும்.

ஜிப்சம் போடலாமா என்று கேட்பார்கள். சிறுநீரை முறிக்கும் சக்தி அதற்குக் கிடையாது. நாய்த் திட்டு மருந்து என்று அதை விற்றால் வாங்காதீர்கள். ஆனால் சோடியம் ஏறி இறுகிப்போன களிமண்ணுக்கு அது உண்மையிலேயே உதவும்: அதிலுள்ள கால்சியம் சோடியத்தை விடுவித்துவிடும், பிறகு தண்ணீர் அதை அடித்துக்கொண்டு போகும். சதுர மீட்டருக்கு 250 கிராம் தூவி, ஆழத் தண்ணீர் விட வேண்டும். தூவிவிட்டுத் தண்ணீர் விடவில்லை என்றால் காசுதான் வீண்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை இந்த வேலையைச் சும்மாவே செய்துகொடுக்கும். மழைக்கு முன், செப்டம்பர் கடைசியில் துளை போட்டு ஜிப்சம் தூவி வைத்துவிட்டால் நவம்பருக்குள் மண் கழுவப்பட்டிருக்கும்.

போர் தண்ணீர் எப்போதும் 2000-க்கு மேல் என்றால் புல்லை மாற்றுவதே நிம்மதி. பாஸ்பாலம் என்ற கடலோரப் புல் உப்பைத் தாங்குவதில் முதலிடம், அடுத்தது அருகு. இணையத்தில் தேடினால் ஃபெஸ்க்யூ, ரை கிராஸ் நடுங்கள் என்று வெளிநாட்டு ஆலோசனை கொட்டிக்கிடக்கும். அவை குளிர் நாட்டுப் புற்கள். சிறுநீரைத் தாங்கும், சென்னை மே மாதத்தைத் தாங்காது.

அறிகுறி 4: சுவரோரம், கேட் தூண், செடியின் அடி மட்டும் கருகல்

கடுவன் எல்லை குறிக்கும் இடங்கள் இவை. குரோட்டன்ஸ், இட்லிப்பூச் செடிகளின் கீழ் இலைகள் மட்டும் ஒரு பக்கமாகக் கருகியிருந்தால் வேறு காரணம் தேட வேண்டாம். தூணைச் சுற்றி ஓரடி அகலத்துக்குப் புல்லை எடுத்துவிட்டுச் சிப்ஸ் ஜல்லி பரப்புங்கள். செடிகளுக்கு முழங்கால் உயரக் கம்பிவலை. தூணையும் அவ்வப்போது கழுவ வேண்டும், பழைய வாடைதான் மறுபடி அழைக்கிறது.

மேற்குப் பார்த்த சுவரின் அடியில் மட்டும் நீளமாகக் காய்ந்திருந்தால் அது சுவரின் வெக்கை. நாய்க்குச் சம்பந்தமில்லை.

அறிகுறி 5: மழைக்காலத்தில் நாற்றம், தரை சொதசொத

களிமண்ணில் வடிகால் இல்லாதபோது அம்மோனியா வாடை எழும். அந்த மூலையில் மேலும் தண்ணீர் ஊற்றுவது தீர்வாகாது. மூன்று நான்கு அங்குல அகலத்தில் ஒரு சிறு வாய்க்கால் வெட்டி, ஜல்லி நிரப்பி, நீரைத் தாழ்வான பக்கம் ஓடவிடுங்கள்.

இந்தப் பருவத்தில் வெறுங்கையோடும் வெறுங்காலோடும் அந்த மண்ணில் இறங்காதீர்கள். எலிக்காய்ச்சல் எனப்படும் லெப்டோஸ்பைரோசிஸ் கிருமி நாயின் சிறுநீரிலும் வரும், தேங்கிய நீரில் உயிரோடு இருக்கும், தோலில் உள்ள கீறல் வழியாக நுழையும். கையுறை, கம் பூட்ஸ், வேலை முடிந்ததும் சோப்பு. நாய்க்கு ஆண்டுதோறும் போடும் தடுப்பூசியில் லெப்டோவும் சேர்ந்திருக்கிறதா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அறிகுறி 6: வீட்டில் நாயே இல்லை, திட்டு மட்டும் வருகிறது

கேட்டின் அடி இடைவெளியைப் பாருங்கள். ஒரு சாணுக்கு மேல் இருந்தால் தெருநாய் நுழையும். கீழே ஒரு இரும்புப் பட்டை வெல்டிங் செய்தால் முடிந்த கதை. சொட்டு நீலம் கலந்த பாட்டிலைக் கேட்டில் தொங்கவிடுவது பார்வைக்கு மட்டும்தான். நாய் அதற்குப் பக்கத்திலேயே காலைத் தூக்கும். மிளகாய்த்தூள் நாயின் கண்ணையும் மூக்கையும் புண்ணாக்கும். அந்துருண்டை விஷம், நாய் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து, எடுத்து விளையாடும் குழந்தைக்கும்தான். கருத்தடை செய்த தெருநாயைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்பது 2023-இன் விலங்கு இனக்கட்டுப்பாட்டு விதி. அதனால் வேலியும் கேட்டும்தான் நம் கையில் இருப்பவை.

அறிகுறி 7: மொட்டை மாடிப் புல், செயற்கைப் புல்

மாடியில் மண் ஆழம் அரை அடிதான். இறங்கிய உப்புக்குப் போக்கிடம் வடிகால் குழாய் மட்டுமே. அது அடைத்திருந்தால் எவ்வளவு கழுவினாலும் உப்பு அங்கேயே சுற்றும். முதலில் குழாயைப் பாருங்கள். செயற்கைப் புல் கருகாது, நாறும். தினமும் கழுவி, வாரம் ஒருமுறை தூக்கி அடியை உலர்த்த முடியாதவர்கள் நாய் வீட்டில் அதை விரிக்காமல் இருப்பது நல்லது.

திட்டு வராமல் தடுக்க: நாய்க்கென்று ஒரு மூலை

மேலே உள்ள அத்தனை வேலையையும் மிச்சப்படுத்துவது இதுதான். 6 அடிக்கு 4 அடி இடம் போதும். ஒன்பது அங்குலம் தோண்டி, அடியில் ஐந்து அங்குலம் 20 மில்லிமீட்டர் ஜல்லி, அதன்மேல் நான்கு அங்குலம் மணல் அல்லது சிப்ஸ் ஜல்லி. மதிய வெயிலில் ஜல்லி கொதிக்கும், நாய் கால் வைக்காது. ஆகவே நிழல் விழும் பக்கம் அமையுங்கள். கடுவனாக இருந்தால் நடுவில் ஒரு மரக்கட்டையை நட்டுவைத்தால் தானே தேடிப் போகும்.

இடம் தேர்வு செய்வதில் ஒரு கண்டிப்பு உண்டு. நம் வீடுகளில் முன்பக்கமே சம்ப், அதன் பக்கத்திலேயே மழைநீர் சேகரிப்புக் குழி. நாய் மூலை இரண்டிலிருந்தும் எட்டி இருக்க வேண்டும். மழைநீர்க் குழியின் ஓரத்தில் நாயைப் பழக்கினால், சேர்ந்து இறங்கும் நைட்ரேட் நம் போருக்குள்தான் போகும்.

பழக்குவது பொறுமை வேலை. காலையில் எழுந்ததும், சாப்பிட்ட பிறகு, தூங்கி எழுந்ததும், ராத்திரி படுக்கும் முன் என்று ஒவ்வொரு முறையும் சங்கிலியில் பிடித்து அதே மூலைக்கு அழைத்துப் போங்கள். அதன் சிறுநீர் நனைந்த செய்தித்தாள் துண்டை முதல் நாளே அங்கே போட்டுவையுங்கள். போகும்போது ஒரே சொல், போய் முடித்த மறுநொடியே ஒரு தின்பண்டம். வீட்டுக்குள் வந்தபின் கொடுத்தால், உள்ளே வந்ததற்குப் பரிசு என்றுதான் அது புரிந்துகொள்ளும். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு தடவைகூட அவிழ்த்துவிடக்கூடாது. புல்லில் போனால் அடிக்காதீர்கள். அடிபட்ட நாய் மறைவில் போகக் கற்றுக்கொள்ளும், நீங்கள் தண்ணீர் ஊற்றவும் வாய்ப்பிருக்காது.

தினமும் மலத்தை அள்ளி, ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். மேல் மணலை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

நாயின் தட்டும் தண்ணீர்க் கிண்ணமும்

நாய் நிறையத் தண்ணீர் குடித்தால் சிறுநீர் நீர்த்துப்போகும், கருகலும் குறையும். கிலோ எடைக்கு நாளுக்கு 50 முதல் 60 மில்லி என்பது சாதாரண அளவு. 25 கிலோ நாய்க்கு ஏறக்குறைய ஒன்றரை லிட்டர். நிழலில் இரண்டு கிண்ணம் வைத்து, இருவேளை மாற்றுங்கள். உலர் தீவனத்தை வெந்நீரில் ஊறவைத்துக் கொடுங்கள்.

வடசென்னையில் மீனுக்குக் குறைவில்லை, நாய்க்கும் அதில் பங்குண்டு. புது மீனை முள் நீக்கி வேகவைத்துக் கொடுப்பதில் தவறில்லை. கருவாடு, மிஞ்சிய மீன் குழம்பு, ஊறுகாய்ச் சோறு ஆகாது. உப்பு முழுக்கச் சிறுநீரில்தான் வெளியேறும், சிறுநீரகத்துக்கும் சுமை. வெங்காயம், பூண்டு உள்ள குழம்பு நாய்க்கு நஞ்சு என்பது தனி.

தக்காளிச் சாறு, வினிகர், சிறுநீரின் காரத்தன்மையை மாற்றும் மாத்திரைகள் எதையும் புல்லுக்காக நாய்க்குக் கொடுக்காதீர்கள். காரத்தன்மை மாறினால் சிறுநீர்ப்பையில் கல் கட்டும் அபாயம் உண்டு. தாகம் எடுக்கட்டும் என்று உணவில் உப்பைக் கூட்டுவதும் அதே வகை முட்டாள்தனம். புரதத்தை நாமாகக் குறைப்பதும் கூடாது, குட்டிக்கும் சினை நாய்க்கும் அது கேடு.

கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல் குடிக்கிறது, அடிக்கடி சொட்டு சொட்டாகப் போகிறது, சிறுநீரில் ரத்தம் தெரிகிறது என்றால் இது புல்தரைப் பிரச்சினை இல்லை. அந்த நாளே மருத்துவரிடம் காட்டுங்கள். வேப்பேரியில் உள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நம் பக்கத்திலிருந்து எட்டும் தூரம்தான்.

அறிகுறி 8: எத்தனை முறை நட்டாலும் அதே இடத்தில் சாகிறது

மண்ணை மாற்றி, நல்ல தண்ணீர் விட்டு, இரண்டு தடவை நட்டும் புல் நிற்கவில்லை என்றால் மூன்றாம் தடவை அதே புல்லை நடாதீர்கள். நாய் நாளுக்கு நான்கைந்து முறை போகும் இடத்தைத் தாங்கும் புல் எதுவும் கிடையாது.

அந்த இடத்தை நடைபாதையாக்கிக் கல் பதிக்கலாம். பச்சை வேண்டுமென்றால் பொடுதலை. வாய்க்கால் ஓரத்திலும் ஏரிக்கரையிலும் தானாகப் படரும் நம்ம ஊர்ச் செடிதான். உப்பை நன்றாகத் தாங்கும், மிதித்தாலும் தாங்கும், கணுவுக்குக் கணு வேர் விடுவதால் கருகிய இடத்தைப் பக்கத்திலிருந்து தானே மூடும். நான்கு அங்குலத் தண்டுகளை ஈர மண்ணில் படுக்க வைத்து, கணு மட்டும் புதையும்படி அழுத்தினால் போதும், அரையடி இடைவெளி. வேண்டாத இடத்துக்கும் ஓடும் என்பதால் ஓரத்தில் செங்கல் பதியுங்கள். பூக்கும்போது தேனீ மொய்க்கும். நாயின் பாதத்தில் கொட்டாமல் இருக்க, பூ விரிந்த வாரத்தில் புல்வெட்டியை ஒருமுறை ஓட்டிவிடுங்கள்.